ஆனையும் அங்குசமும்

ஆனையைக் கொடுத்தவன் அங்குசத்துக்குப் பிணங்குவதா என்று நம்மூர்ப் பெரியோர் கேட்பதுண்டு. பெருஞ்செலவொன்றைப் புன்முறுவலோடு செய்துவிட்டு, அதனால் வந்த பொருளைக் கையாளுதற்கு வேண்டிய சிறு செலவுக்கு முகஞ் சுளிப்பாரைக் கண்டு எழுந்த மொழி இது. கலியாண வீட்டிலே பந்தலுக்கும் மேளத்துக்கும் இலட்சக்கணக்கில் வாரி வழங்கிவிட்டு, பந்தியிற் பரிமாறும் அகப்பைக்குக் கணக்குப் பார்க்கும் பெரியவர் ஒருவரை அறியாதார் நம்மிடையே இல்லை. பெருந்தொழில்களை நடத்தும் அறிவாளிகளும் இக்குற்றத்துக்கு விலக்கானவர் அல்லர் என்பதை இவ்வாரம் எடுத்துக்காட்ட விரும்புகின்றோம். நாம் எடுத்துக்கொண்ட ஆனை, ஆகாய விமானம். அங்குசமோ, அவ்விமானம் நிலத்தில் நிற்கும் வேளையில் அதனைச் சூழ்ந்து ஓடித் திரியும் வண்டிகளும் கருவிகளும் ஆகும்.

விமானப் பிரயாணஞ் செய்யும் நம்மவர் பெரும்பாலும் மேலேயே நோக்குகின்றனர். சாளரத்தருகே ஆசனங் கிடைக்குமா, உணவு எப்படியிருக்கும், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பனவே அவர்தம் வினாக்கள். விமானம் தரித்து நிற்கும் முக்கால் மணி, ஒரு மணி நேரத்திலே, அதன் வயிற்றுக்குக் கீழே வெயிலிலும் மழையிலும் ஒரு சிறு படையே தொழில் செய்கின்றது என்பதை எண்ணுவார் சிலர். அப்படையின் ஆயுதங்கள் எவை என்று கேட்பாரோ மிகச் சிலர். ஆதலின் அவற்றை முதலில் அறிமுகஞ் செய்து வைப்போம்.

விமானம் தரிப்பிடத்தில் வந்து நின்றதும் ஒருவர் சென்று சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் தடைக்கட்டைகளை வைக்கின்றார். மாட்டுவண்டிச் சில்லுக்குக் கல் வைப்பதனை ஒத்த வேலை இது. அடுத்து, மின்சாரம் ஊட்டும் வண்டி வந்து தடித்த வடமொன்றை விமானத்தின் மூக்குப் பக்கத்திற் பூட்டுகின்றது. படிக்கட்டு வண்டி வாயிலோடு அணைகின்றது. ஓடும் பட்டி பூட்டிய ஏற்றுவண்டி பொதியறைக் கதவுக்கு நேரே நிமிர்ந்து நிற்க, பிரயாணிகளின் பெட்டிகள் அதன்வழியே இறங்குகின்றன. உணவு வண்டி, நன்னீர் வண்டி, கழிவு நீர் அகற்றும் வண்டி, எரிபொருள் வண்டி என்பன ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. யாவும் முடிந்தபின், இழுவை யந்திரமொன்று நீண்ட இரும்புத் தண்டினால் மூக்குச் சக்கரத்தைப் பற்றி விமானத்தைப் பின்னோக்கித் தள்ளுகின்றது. ஆயிரக்கணக்கான மைல் பறக்க வல்ல அப்பறவைக்குத் தன் வலியாற் பின்வாங்கும் வழக்கம் இல்லை. அதற்கும் நிலத்திலுள்ள ஒருவன் கை கொடுக்க வேண்டும்.

இவ்வேலைகள் ஒன்றோடொன்று பின்னியவை. படிக்கட்டு வரத் தாமதித்தால் பிரயாணிகள் இறங்கார். அவர்கள் இறங்காவிடின் துப்புரவு செய்வோர் ஏறார். துப்புரவு முடியாவிடின் அடுத்த பிரயாணிகளை அழைத்தல் இயலாது. குறுந்தூரம் பறக்கும் விமானம் ஒரே நாளில் ஐந்தாறு முறை எழுந்து இறங்குவதுண்டு. ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு புகைவண்டி பிந்தினால் எதிரே வருவதும் காத்து நிற்பது போல, காலையிற் பிந்திய இருபது நிமிடம் இரவுவரை அவ்விமானத்தோடு கூடவே பறந்து செல்லும். வழியில் வட்டியும் ஏறும்.

பத்து நிமிடத்தின் விலை

நிலத்தில் நடக்கும் இவ்வேலையின் பெறுமதியை உலகுக்கு நன்கு உணர்த்திய நிகழ்ச்சி 1972 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நிகழ்ந்தது. சவுத்வெஸ்ட் என்னும் விமானக் கம்பனி அதற்கு முந்திய ஆண்டிலேதான் தொழில் தொடங்கி, டலஸ், ஹூஸ்டன், சான் அன்ரோனியோ ஆகிய மூன்று நகரங்களிடையே விமானங்களை ஓட்டி வந்தது. பணமுடை முற்றியமையால், தன்னிடமிருந்த நான்கு போயிங் 737 விமானங்களுள் ஒன்றை விற்க வேண்டியதாயிற்று. மூன்று விமானங்களைக் கொண்டு நான்கு விமானங்களின் நேர அட்டவணையை நிறைவேற்றுவது எங்ஙனம்? வானிலே வேகத்தைக் கூட்டுதல் ஆகாத காரியம். ஆதலின் நிலத்திலே செலவாகும் நேரத்தைக் குறைக்கத் துணிந்தனர். வந்திறங்கிய விமானம் பத்து நிமிடத்தில் மீண்டும் புறப்படல் வேண்டும் என்பது கட்டளை. பதவி பாராது நின்றோர் யாவரும் கைகொடுத்தனர். நான்கு விமானங்களின் வேலையை மூன்று விமானங்கள் செய்தன. கம்பனி பிழைத்தது.

இதிற் பொதிந்த கணக்கை வாசகர்கள் ஊன்றி நோக்க வேண்டுகின்றோம். பறந்து கொண்டிருக்கும்போதே விமானம் சம்பாதிக்கின்றது. நிற்கும்போது அது தின்று கொண்டிருக்கும் ஆனை. நிலத்திலே ஆளும் கருவியும் ஆயத்தமாய் நின்றமையால் அக்கம்பனி ஒரு முழு விமானத்தின் பயனைத் தரையிலிருந்து தேடிக்கொண்டது. அங்ஙனமாயின் இதன் மறுதலையும் உண்மையாதல் வேண்டும். கருவியைக் குறைத்தும் பழுதானதைத் திருத்தாது விட்டும் வந்தால், நான்கு விமானங்களை வைத்துக்கொண்டு மூன்றின் வேலையையே செய்யும் நிலை வந்துசேரும். நான்காவது விமானத்தை யாரும் திருடவில்லை. அது தரிப்பிடங்களிலே துளித்துளியாய்க் கரைந்து போயிற்று.

இரண்டு கணக்கேடுகள்

இத்துணை வெளிப்படையான உண்மையை, பட்டமும் அனுபவமும் உடைய முகாமையாளர் ஏன் காண்பதில்லை? இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, புகழ் பற்றியது. புதிய விமானம் வந்திறங்கும் நாளில் இருபுறமும் தீயணைப்பு வண்டிகள் நின்று நீரை வளைவாகப் பொழிந்து வரவேற்கும். அமைச்சர் வருவார், படம் பிடிப்பார்கள். புதிய ஏற்றுவண்டி ஒன்று வந்தால் வரவேற்பார் யார்? கருவிக்குத் திறப்புவிழா இல்லை. திறப்புவிழா இல்லாத பொருளே எந்தத் தாபனத்திலும் முதலில் வெட்டுண்ணும்.

இரண்டாவது காரணம், கணக்கேட்டில் உள்ளது. கருவி வாங்காமையால் மிஞ்சிய பணம் ஓர் ஏட்டில் இலாபமாய்த் தோன்றும். அதனால் விளைந்த நட்டமோ வேறோர் ஏட்டில், வேறொரு பெயரில் ஒளிந்து நிற்கும். மின்சாரம் ஊட்டும் வண்டியையே எடுத்துக்கொள்வோம். அது பழுதாகி மூலையிற் கிடந்தால் விமானம் இருளில் மூழ்குவதில்லை. பெரும்பாலான தாரை விமானங்களின் வாலிலே ஒரு சிறு துணை யந்திரம் உண்டு. விமானி அதனை இயக்கி மின்சாரமும் குளிர்காற்றும் பெற்றுக்கொள்வார். ஆயின் அந்தச் சிறு யந்திரம் விமானத்தின் எரிபொருளையே குடிக்கின்றது. நம் நாட்டுக்கு வந்துபோகும் நடுத்தர அளவான விமானங்களிலே மணிக்கு ஏறக்குறைய நூறு கிலோ எரிபொருள் இதற்குச் செலவாகும். நிலத்து வண்டி இதனிற் பன்மடங்கு குறைந்த செலவில் அவ்வேலையைச் செய்யும். நிலப் பகுதி அதிகாரி தம் செலவைக் குறைத்தமைக்குப் பாராட்டுப் பெறுகின்றார். எரிபொருட் பகுதி அதிகாரி தம் செலவு ஏன் உயர்ந்தது என்று தலையைச் சொறிகின்றார். இருவரும் ஒரே கட்டிடத்தில் அடுத்தடுத்த அறையில் இருப்பவர்கள்.

இன்னும் ஒன்று. அவ்வால் யந்திரமும் பழுதாவதுண்டு. அது பழுதாயினும், சில கட்டுப்பாடுகளுக்கு அமைந்து விமானம் பறக்கலாம் என்று விதி இடங்கொடுக்கின்றது. திருத்த வேலையைச் சில நாள் பின்போடலாம். இது தன்னளவிற் பிழையான ஏற்பாடன்று. ஆயின் பெரிய யந்திரங்களை முடுக்குவதற்கு அழுத்தக் காற்று வேண்டும். வால் யந்திரம் இல்லையெனில் அக்காற்றை நிலத்திலுள்ள காற்று ஊட்டும் வண்டியே தருதல் வேண்டும். எப்போதோ ஒருநாள் தேவைப்படும் வண்டிக்கு ஏன் வீண் செலவு என்று அதனையும் ஒருவர் நீக்கிவிட்டிருப்பாராயின், அன்றைய நிலை யாது? விமானமும் நலம், விமானியும் நலம், வானிலையும் நலம். நூற்றைம்பது பிரயாணிகள் மாத்திரம் ஆசனப் பட்டியைக் கட்டிக்கொண்டு அசையாது இருப்பார்கள். தனித்தனியே நோக்கினால் இரண்டு சிக்கனமும் நியாயமானவை. இரண்டும் ஒரே தரிப்பிடத்தில் சந்திக்கும் நாளிலேதான் வினை மூளுகின்றது.

ஏற்றுவண்டி பழுதானால் என்ன நிகழும்? பெட்டிகள் தாமாக ஏறமாட்டா. ஏற்றுவண்டி செய்த வேலையை அன்று மனிதனுடைய முதுகு செய்யும். இருபது, இருபத்தைந்து கிலோ பெட்டிகளை ஒவ்வொன்றாய் நெஞ்சுக்கு மேலே தூக்கிக் கொடுக்கும் தொழிலாளியின் முள்ளந்தண்டு எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படுவதில்லை. அவன் வைத்தியசாலைக்குப் போகும்போது அது அவனுடைய சொந்தச் செலவாகவும் அவன் மனைவி மக்களுடைய துன்பமாகவும் மாறிவிடுகின்றது. செலவு ஒழியவில்லை. தாங்கமாட்டாதவன் தலையில் அது இறக்கி வைக்கப்பட்டது.

விமானத்தைத் தள்ளும் இழுவைத் தண்டிலே ஒரு நுட்பம் உண்டு. அதனிற் பொருத்தியுள்ள சிறு ஆணிகள் அளவு கடந்த இழுப்பு நேரும்போது முறிந்து விடுமாறு வேண்டுமென்றே அமைக்கப்பட்டவை. ஆணி முறிந்தால் மூக்குச் சக்கரம் தப்பும். சிறியது அழிந்து பெரியதைக் காக்கும் தருமம் அது. மாற்று ஆணி கையிருப்பில் இல்லையென்று, முறியாத தடித்த ஆணியை ஒருவன் செருகிவிட்டால், அடுத்த முறை முறிவது ஆணியாக இராது. சில டொலர் பெறும் உதிரிப் பொருளைக் களஞ்சியத்தில் வையாமையால், பெருந்தொகை பெறும் சக்கரத் தொகுதி அதன் இடத்தில் பலியாகின்றது.

மறைக்கப்பட்ட காயம்

பணமும் நேரமும் மட்டும் போவதாயின் இவ்விடயத்தை வணிகர்களிடமே விட்டுவிடலாம். உயிர் சம்பந்தப்பட்டமையாலேயே இதனை நாம் எழுத எடுத்துக்கொண்டோம்.

2005 ஆம் ஆண்டு மே மாதத்தில், அலாஸ்கா எயர்லைன்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பனி, சியாட்டில் நகரத்து விமான நிலையத்திலே பெட்டி ஏற்றி இறக்கும் தன் சொந்தத் தொழிலாளர் ஏறக்குறைய 470 பேரை நிறுத்திவிட்டு, அவ்வேலையைக் குறைந்த செலவில் வெளிக் கம்பனி ஒன்றிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி, அந்நிலையத்திலிருந்து கலிபோர்ணியாவுக்குப் புறப்பட்ட அதன் விமானமொன்று ஏறக்குறைய 26,000 அடி உயரத்தை எட்டியபோது, பேரொலியோடு உள்ளிருந்த காற்றழுத்தத்தை இழந்தது. மேலிருந்து சுவாச முகமூடிகள் தொங்கின. விமானி விரைந்து கீழிறக்கி விமானத்தைச் சியாட்டிலுக்கே திருப்பினார். நூற்று நாற்பது பேர் வரையான பிரயாணிகள் உயிர் தப்பினர். இறங்கிப் பார்த்தபோது விமானத்தின் பக்கவாட்டிலே ஏறக்குறைய ஓரடி நீளமான துவாரம் இருந்தது. புறப்படுமுன் நிலத்து வண்டியொன்று அவ்விடத்தில் மோதியிருக்கின்றது. ஓட்டிய தொழிலாளி அதனை அப்போது ஒருவரிடமும் கூறவில்லை. தகட்டில் விழுந்த மடிப்பு, மேலே போய் அழுத்தம் தாங்காது பிளந்து விட்டது.

ஒரு விபத்தை வைத்து, வெளியாரிடம் வேலையைக் கொடுப்பதெல்லாம் தீது என்று முடிவு கட்டுதல் நீதியாகாது. நெடுங்காலம் பணிபுரிந்தவனும் வண்டியை மோதுவதுண்டு. நாம் கவலையோடு நோக்குவது அந்த மௌனத்தையே. மோதியதை உடனே சொல்வதற்குத் தொழிலாளிக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். மோதல் எத்தகைய கேடு விளைக்கும் என்ற பயிற்சி ஒன்று. சொன்னால் நாளைக்கும் தனக்கு வேலை இருக்கும் என்ற நம்பிக்கை மற்றொன்று. இவ்விரண்டும் பணச் செலவு உடையவை. செலவைக் குறைக்கும் பட்டியலில் இவை கருவிகளினும் முந்தி மறைந்து விடுகின்றன.

அக்காலத்து விமானங்கள் பெரும்பாலும் அலுமினியத் தகட்டால் ஆயவை. மோதினால் நெளிவு தெரியும். போயிங் 787, எயர்பஸ் A350 போன்ற இக்கால விமானங்களின் உடலோ கரிநாரையும் பசையையும் அடுக்கடுக்காய்ச் சேர்த்து ஆக்கியது. அதிலே வண்டி மோதினால், வெளியே சிறு கீறலும் தோன்றாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்து போதல் கூடும். கண்ணுக்குத் தெரியாத காயத்தை அறிய வல்லவன், வண்டியை ஓட்டியவன் ஒருவனே. அவன் வாய் திறவாவிடின் யாரறிவார்?

இத்தகைய மோதல்களின் செலவு சிறியதன்று. நிலத்தில் விமானங்களுக்கு நேரும் சேதத்தினால் 2019 ஆம் ஆண்டளவில் உலகெங்கும் ஏறக்குறைய 500 கோடி டொலர் நட்டம் ஏற்பட்டதாகவும், தக்க நடவடிக்கை எடாவிடின் 2035 ஆம் ஆண்டளவில் அது 1,000 கோடியை அணுகும் எனவும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2022 இல் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. விமானத்தை நெருங்கும்போது தாமே வேகங் குறைந்து நிற்கும் உணர்கருவி பூட்டிய புதிய வண்டிகளைப் பயன்படுத்தினால், ஒரு பறப்புக்கு நேரும் சேதச் செலவில் நூற்றுக்கு 42 பங்கு குறையும் என்பதும் அவ்வாய்வின் முடிபு. அங்குசத்தை வாங்குவதே ஆனைக்கு இலாபம் என்று இலக்கம் இட்டே காட்டிவிட்டார்கள்.

சட்டமும் இதனை ஏற்றுக்கொண்டுள்ளது. விமானம் நெடுநேரம் பிந்தினால், பயணத் தூரத்துக்கேற்ப ஆளுக்கு 250 முதல் 600 யூரோ வரை நட்டஈடு கொடுத்தல் வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. கம்பனியின் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட அசாதாரண நிலை ஏற்பட்டால் மட்டுமே விலக்கு உண்டு. துருக்கியிலிருந்து ஜெர்மனிக்குப் பறக்க வேண்டிய விமானமொன்று ஆறு மணி நேரத்துக்கு மேற் பிந்தியது. காரணம், முதல்நாள் மாலை படிக்கட்டு வண்டியொன்று அதன்மேல் மோதியமை. இது அசாதாரண நிலை என்று கம்பனி வாதாடியது. 2014 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. படிக்கட்டு இன்றி விமானத்தில் ஏறுவார் எவர்? ஆதலின் படிக்கட்டால் வரும் இடர் விமானத் தொழிலின் அன்றாட இடரே என்பது தீர்ப்பின் சாரம். 180 பிரயாணிகள் ஆளுக்கு 400 யூரோ கேட்டால் 72,000 யூரோ ஆகின்றது. ஒரே ஒரு மாலையில், ஒரே ஒரு படிக்கட்டால்!

ஐம்பது ஆண்டு கழித்து

பத்து நிமிடத்தால் உயிர் பிழைத்த சவுத்வெஸ்ட் கம்பனிக்கு மீண்டும் வருவோம். அந்நிகழ்ச்சிக்குச் சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2022 டிசம்பரில், நத்தார்க் காலத்திலே, கடும் பனிப்புயல் அமெரிக்காவைத் தாக்கிற்று. விமானக் கம்பனிகள் யாவும் தடுமாறின. மற்றவை சில நாளில் நிமிர்ந்தன. சவுத்வெஸ்ட் நிமிரவில்லை. அம்மாதத்தின் கடைசிப் பத்து நாட்களுள் அது 16,900 பறப்புகளை இரத்துச் செய்தது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் பண்டிகைக் காலத்தில் நடுவழியில் தவித்தனர். விமான நிலைய மண்டபங்களிலே உரிமையாளரைப் பிரிந்த பெட்டிகள் மலைபோற் குவிந்தன.

பனியொன்றே காரணமன்று. எந்த விமானிக்கும் பணியாளருக்கும் எந்த விமானம் என்று கணிக்கும் கணினி முறை பழையது. அத்துணை மாற்றங்களைத் தாங்க வல்லதாயில்லை. விமானங்கள் ஓரிடத்தில் நின்றன. விமானிகள் வேறிடத்தில் நின்றனர். நான் இங்கே இருக்கின்றேன் என்று அறிவிப்பதற்கு விமானிகள் மணிக்கணக்காகத் தொலைபேசியைக் காதில் வைத்துக் காத்திருந்தனர். அக்கணினி முறையைப் புதுப்பிக்குமாறு விமானிகளின் தொழிற்சங்கம் முன்பே பலமுறை எச்சரித்திருந்தது. பின்னர்க் கம்பனி தன் குறைகளைத் தானே ஆராய்ந்து 2023 மார்ச்சில் வெளியிட்ட திட்டத்திலே, பனி நீக்கும் வாகனங்களை மேலும் வாங்குதல், யந்திரங்களுக்கு உறைகளும் சூடேற்றும் கருவிகளும் தேடிக்கொள்ளுதல் என்பன இடம்பெற்றன. அத்தனையும் நிலத்துக் கருவிகள்! அவ்வாண்டின் கடைசிக் காலாண்டில் மட்டும் அக்கம்பனிக்கு ஏறக்குறைய 80 கோடி டொலர் நட்டம் இதனால் விளைந்தது. 2023 டிசம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் 14 கோடி டொலர் அபராதமும் விதித்தது. எத்தனை பனி நீக்கும் வாகனங்களை இத்தொகைக்கு வாங்கியிருக்கலாம் என்று கணக்கிடும் வேலையை நம் மாணவர்களுக்கு விட்டுவிடுகின்றோம்.

வறுமையில் நிலத்தை மதித்து வாழ்ந்த கம்பனி, செல்வத்தில் நிலத்தை மறந்து வருந்தியது. தனி மனிதர் வாழ்விலும் நாம் காணும் கதை இதுவே.

சிக்கனமும் உலோபமும்

இவற்றைப் படிக்கும் வாசகர் ஒருவர், சிக்கனம் வேண்டாம் என்கின்றீரா என்று வினவலாம். அவ்வாறு கூறுவோமல்லோம். விமானக் கம்பனிகள் செலவைக் குறைத்தமையாலேயே கட்டணம் தாழ்ந்தது. மத்திய கிழக்கில் உழைக்கும் தாய் தன் பிள்ளையைக் காண இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் வந்துபோவதும், கடல் கடந்து வாழும் நம்மவர் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து சேர்வதும் தாழ்ந்த கட்டணத்தாலன்றோ? எண்பதுகளிலே அமெரிக்கன் எயர்லைன்ஸ் தலைவராய் விளங்கிய றொபேட் கிராண்டல், பிரயாணிகளின் பச்சைக்கறித் தட்டிலிருந்து ஓர் ஒலிவ்காயை நீக்கி ஆண்டுக்கு 40,000 டொலர் மிச்சம் பிடித்தார் என்று இன்றும் கதையாகச் சொல்வர். ஒலிவ்காய் ஒன்று குறைந்தமையால் எந்தப் பிரயாணியும் இளைத்திலன். எந்த விமானமும் பிந்தவில்லை. அது நல்ல சிக்கனம்.

நல்ல சிக்கனத்துக்கு நம் அண்மையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பெற்றபோது, சென்னையிலிருந்து வந்திறங்கிய விமானம் ஏ.டி.ஆர். என்னும் இனத்தைச் சேர்ந்தது. சிறிய நிலையங்களுக்கென்றே எண்ணி ஆக்கப்பட்ட விமானம் அது. அதன் பின்வாயிற் கதவைத் திறந்து தாழ்த்தினால் அதுவே படிக்கட்டாகிவிடும். வேறு படிக்கட்டு வண்டி வேண்டியதில்லை. நிலத்தில் நிற்கும்போது, வலப்புறத்துச் சுழல்விசிறியை மட்டும் தடைபோட்டு நிறுத்திவிட்டு, யந்திரத்தை ஓடவிட்டு மின்சாரம் பெறும் ஏற்பாடும் அதில் உண்டு. கருவி குறைந்த இடத்துக்குச் செல்பவன் கருவியைத் தன்னோடு கொண்டு செல்கின்றான். தேவையை முன்னரே அறிந்து அதனைக் குறைத்தல் சிக்கனம். தேவை அப்படியே இருக்க, அதற்குரிய பொருளை மட்டும் மறுத்தல் உலோபம்.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு எளிய வழியொன்றை நாம் கூறுவோம். செலவொன்றைக் குறைக்க எண்ணும்போது, குறைக்கப்படும் பொருள் எங்கிருந்து எடுக்கப்படுகின்றது என்று பாருங்கள். உண்பவனுடைய தட்டிலிருந்து எடுக்கப்படுமாயின், அவன் சிறிது முணுமுணுப்பான், பின் மறந்துவிடுவான். உழைப்பவனுடைய கையிலிருந்து எடுக்கப்படுமாயின், அது உழைப்பையே முடமாக்கும். தட்டிலே குறைக்கலாம்; கையிலே குறைத்தல் ஆகாது.

இவ்விதி விமானத்துக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டிலே பல மாடிக் கட்டிடமாய் எழும் வைத்தியசாலை விடுதிகளிலே நோயாளியைத் தள்ளிச் செல்லும் வண்டியின் சில்லு சுழலாது நிற்பதைக் காண்கின்றோம். பெயர்ப்பலகை பளபளக்கும் ஆய்வுகூடங்களிலே மாணவர் முப்பது பேருக்கு ஒரு தராசு இருப்பதையும் காண்கின்றோம். இரண்டிலும் ஆனை வந்துவிட்டது, அங்குசம் வரவில்லை. வீட்டிலும் அப்படியே. தோட்டத்துக்குப் புது நீரிறைக்கும் யந்திரம் வாங்கியவர், வெடித்த குழாயைச் சாக்குத் துண்டாற் கட்டிக் காலங் கடத்துகின்றார். அக்காலத்து நம் கமக்காரர் துலாக்கயிறு தேயத் தொடங்கியதுமே புதுக்கயிறு முறுக்கி வைத்தனர். கயிறு அறுந்தபின் முறுக்கலாம் என்றிருந்தால், பட்டையும் கிணற்றுக்குள் போகும். துலாவில் மிதிப்பவனும் தடுமாறி விழுவான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தை அமைத்த முறை இங்கு எண்ணி மகிழத்தக்கது. வருவாய் சிறிதாயினும் செலவு பெருகாதவரை கேடில்லை என்று சிக்கனத்தைப் போற்றிய இடம் அதுவே. மெல்லிய மயிலிறகாயினும் மேன்மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று எச்சரித்த இடமும் அதுவே. செலவின் எல்லையையும் அச்சின் எல்லையையும் ஒரே அதிகாரத்தில் அவர் வைத்தமை தற்செயலன்று என்பது நம் கருத்து. ஒன்றை மட்டும் படித்து மற்றதை விட்டவர் முழுப்பாடத்தையும் கற்றவராகார். இன்று ஒரு படிக்கட்டு, நாளை ஓர் ஏற்றுவண்டி, மறுநாள் நான்கு தொழிலாளர் என்று குறைக்கும் ஒவ்வொன்றும் மயிலிறகின் கனமே உடையது. அச்சு முறியும் நாளில், எந்த இறகால் முறிந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

அடுத்த முறை நீங்களோ உங்கள் பிள்ளைகளோ விமானத்தில் அமர்ந்திருக்கும்போது, சாளரத்தின் வழியே கீழே நோக்குங்கள். மஞ்சட் சட்டை அணிந்து, காதுகளை மூடிக்கொண்டு, தடைக்கட்டையைக் கையில் எடுத்து உங்கள் விமானத்துக்கு விடைகொடுக்கும் ஒருவரைக் காண்பீர்கள். அவர் கையில் இருக்கும் கருவி நல்ல நிலையில் இருப்பதாக என்று வேண்டிக்கொள்ளுங்கள். உங்கள் பயணம் அங்கேதான் தொடங்குகின்றது.